வாயில்லா ஜீவனும் வீடுபேறும்

எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதங்களுள் மானிடப் பிறவி கிடைத்தற்கரியது என்று பெரியோர் ஓயாது கூறி வந்துள்ளனர். ஆதிசங்கரர் தமது விவேக சூடாமணியில், இறையருளாலன்றிக் கிட்டாத மூன்று பேறுகளுள் ஒன்றாக மனிதப் பிறவியை எண்ணுகிறார். தன்னை அறிய முயலும் விவேகம் இவ்வுடலுக்கே வாய்த்தது என்பது இதன் கருத்து. அவ்வாறாயின், புழு முதல் யானை ஈறாக உள்ள ஏனைய உயிர்கள் மனிதனின் பயனுக்காக மட்டுமே படைக்கப்பட்டவையா? இறைவனுடைய சந்நிதியில் அவற்றுக்கு இடமில்லையா?

இக்கேள்விக்கு ஒரு மகான் வாழ்ந்தே விடை பகர்ந்தார். திருவண்ணாமலை ரமணாச்ரமத்தில் அவ்விடை கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் நிற்கிறது.

1926ஆம் ஆண்டில், குடியாத்தத்தை அடுத்த குமாரமங்கலத்தைச் சேர்ந்த அன்பர் ஒருவர், ஒரு பசுவையும் அதன் இளங்கன்றையும் பகவான் ரமணருக்குக் காணிக்கையாகக் கொணர்ந்தார். ஆசிரமம் அந்நாளில் காட்டின் ஓரமாய் இருந்தது. பராமரிக்க வசதியும் இல்லை. ஆகவே தாயும் கன்றும் ஊருக்குள் ஓர் அன்பரின் பொறுப்பில் விடப்பட்டன. சில காலம் சென்று ஒருநாள் ஆசிரமத்துக்கு அழைத்து வரப்பட்ட கன்று, வழியை மனத்தில் கொண்டது போலும். மறுநாள் தொடங்கித் தானாகவே காலையில் வந்து, மாலையில் வீடு திரும்பலாயிற்று. லட்சுமி என்னும் அக்கன்று பின்னர் ஆசிரமத்திலேயே தங்கி, பல ஈற்றுகள் கண்டு, கோசாலைக்கே தலைவியாய் விளங்கினாள்.

1948ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் லட்சுமியின் இறுதி நெருங்கியது. பகவான் அருகில் சென்று அமர்ந்தார். ஒரு கையை அவள் தலைமீதும் மற்றொரு கையை மார்பின்மீதும் வைத்தார். 1922ஆம் ஆண்டில் தம் அன்னை அழகம்மாளின் இறுதி வேளையிலும் அவர் இவ்வாறே கைவைத்து அமர்ந்திருந்தார். அன்னைக்குச் செய்ததைப் பசுவுக்கும் செய்தார். ஒன்றிலும் குறைவு வைக்கவில்லை. லட்சுமியின் உடல் மனிதத் துறவியருக்கு உரிய முறையில் ஆசிரமத்திலேயே சமாதி செய்யப்பட்டது. அவள் முக்தி எய்திய நாளைக் குறித்துப் பகவான் தாமே ஒரு வெண்பா இயற்றியருளினார். முக்தி என்பது உபசாரமாகச் சொல்லப்பட்டதா, மெய்யாகவே அப்பொருளில்தானா என்று அன்பர்கள் ஐயுற்றபோது, சொல்லியது சொல்லியபடியே என்று அவர் உறுதி செய்ததாக அடியார்களின் குறிப்புகள் கூறுகின்றன. லட்சுமியின் சமாதிக்கு அருகில் ஒரு மானும் ஒரு காகமும் ஒரு நாயும் துயில் கொள்கின்றன.

பகவான் விலங்குகளை ‘அது’ என்று குறிப்பிட்டதில்லை. ஆசிரமத்து நாய்கள் அவருக்குப் ‘பசங்கள்’. அவற்றுக்கு உணவளித்தாயிற்றா என்று வினவிய பின்னரே மற்றவை நடந்தன. எந்த ஆன்மா எந்த வினையைக் கழிக்க எந்த உடலில் வந்து புகலிடம் தேடுகிறதோ, யார் அறிவார் என்பது அவர் கருத்து. உடல்தான் வேறு; உள்ளிருப்பது வேறன்று.

இது ஒரு மகானின் தனிக் கருணை என்று ஒதுக்குவதற்கில்லை. திருத்தலங்களின் வரலாறே இதற்குச் சான்று. திருவானைக்காவில் நாவல் மரத்தடியில் எழுந்தருளிய ஈசனுக்கு யானை துதிக்கையால் நீர் கொணர்ந்து ஆட்டியது. சிலந்தி சருகு விழாதபடி வலையால் பந்தல் இட்டது. சிலந்தி வலையை அசுத்தமென எண்ணி யானை அழித்தது. வெகுண்ட சிலந்தி துதிக்கையுள் புகுந்து கடிக்க, இரண்டும் மடிந்தன. ஈசன் யானைக்கு வரமளித்தார். சிலந்தியைச் சோழர் குலத்தில் கோச்செங்கணானாகப் பிறப்பித்தார். அவரே பின்னாளில் மாடக்கோயில்கள் பல எடுத்து, அறுபத்து மூவருள் ஒருவரானார். சிலந்தி மனிதனாகி அதன்பின் பக்தி கற்றதன்று; சிலந்தியாய் இருந்தபோதே செய்த பக்திதான் அதற்கு மானிடப் பிறவியைத் தந்தது. ஆகவே பக்தி மனிதருக்கு மட்டும் உரிய சொத்தன்று.

வைணவ மரபும் இதனையே காட்டுகிறது. தந்தை தசரதருக்கு அருகிருந்து ஈமக்கடன் செய்யும் பேறு இராமபிரானுக்கு வாய்க்கவில்லை. அக்கடனை அவர் கழுகரசன் ஜடாயுவுக்குத் தம் கையாலேயே செய்தார். கும்பகோணத்தை அடுத்த திருப்புள்ளபூதங்குடியும் காஞ்சிக்கு அருகிலுள்ள திருப்புட்குழியும் அந்நிகழ்வைப் போற்றும் திவ்ய தேசங்கள்.

அருளில் வேற்றுமை இல்லை என்பது இதனால் விளங்கும். நீதியில்?

இதற்குத் திருவாரூர் விடை சொல்கிறது. மனுநீதிச் சோழனின் மைந்தன் ஏறிச் சென்ற தேர்க்காலில் பசுங்கன்று ஒன்று மாண்டது. தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அசைத்தது. பசுவதைக்குச் சாத்திரம் விதித்த பிராயச்சித்தம் உண்டு, அதனைச் செய்வதே முறை என்று அமைச்சர் எடுத்துரைத்தார். உலக வழக்கில் அது பொருத்தமான யோசனையே. ஆனால் மன்னன் இசையவில்லை. பிறன் ஒருவன் உயிர்க்கொலை புரிந்தால் அவனைக் கொல்லும் தண்டமும், தன் மகன் புரிந்தால் பிராயச்சித்தமும் என்பது எவ்வாறு அறமாகும் என்று வினவினான். மகனைத் தேர்க்காலில் இட்டான். வீதிவிடங்கப் பெருமான் வெளிப்பட்டு, கன்றையும் மைந்தனையும், துயர் தாளாது உயிர்நீத்த அமைச்சரையும் மீட்டருளினார் எனப் பெரிய புராணம் பகர்கிறது. திருவாரூர்க் கோயிலருகில் உள்ள கல்தேரும், சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் மனுநீதிச் சோழனின் சிலையும் அந்தத் தீர்ப்பை நினைவூட்டிக்கொண்டே இருக்கின்றன.

இக்காலச் சட்டமும் இதே கேள்வியோடு போராடி வருகிறது. கலாக்ஷேத்ராவைத் தோற்றுவித்த ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் முன்வைத்த மசோதாவே, 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்தாயிற்று. 2014இல் உச்ச நீதிமன்றம், கண்ணியத்தோடு வாழும் உரிமை விலங்குகளுக்கும் உண்டு என்ற நோக்கில் தீர்ப்பளித்தது. 2023இல் ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, விலங்குகளுக்கு அடிப்படை உரிமையைச் சாசனம் வழங்கவில்லை என்று கருதியது. எனினும் அதே சாசனத்தின் 51ஏ பிரிவு, உயிர்களிடத்தில் இரக்கம் காட்டுவதைக் குடிமக்களின் கடமையாக விதித்துள்ளது.

உரிமையா, கடமையா என்னும் இவ்விடத்தில்தான் மானிடப் பிறவியின் சிறப்பு புலனாகிறது. புலி மானைக் கொன்றால் பாவம் சேர்வதில்லை. அதற்குப் பிறிதொரு வழி தெரியாது. பசு மணியடித்து நீதி கேட்கலாம்; நீதி வழங்க இயலாது. வழங்கக் கூடியவன் மனிதன் ஒருவனே. ஆதலால் மனிதன் உயர்ந்தவன் என்பது ஏனைய உயிர்கள்மீது அவனுக்குள்ள அதிகாரத்தைக் குறிக்கவில்லை; அவற்றுக்கு அவன் பட்டிருக்கும் கடனைக் குறிக்கிறது. வாக்களிக்கும் உரிமையையோ சொத்துரிமையையோ எந்தப் பசுவும் கேட்கவில்லை. வலியின்றி வாழ்வதும், தன் இயல்புக்கேற்ப இருப்பதும், பயன் தீர்ந்த பின் கைவிடப்படாதிருப்பதும் ஆகிய இவற்றில் மனிதனுக்கும் விலங்குக்கும் வேற்றுமை கற்பிக்க ஆன்மிகத்தில் ஆதாரமில்லை.

இதனைக் கோயில் வாசலிலேயே உரைத்துப் பார்க்கலாம். யானை கூட்டமாய் வாழும் பிராணி. அது கருங்கல் தளத்தில் காலில் சங்கிலியோடு தனித்து நிற்பதையும், காசு பெற்று ஆசி வழங்குவதையும் கஜபூஜையாக எண்ணலாகுமா? கோயில் யானைகளுக்கென 2003 முதல் தமிழகத்தில் நடத்தப்பட்ட நலவாழ்வு முகாம்கள், அவற்றுக்கு மண்ணும் நீரும் மரநிழலும் தம் இனத்தின் துணையும் எத்துணை இன்றியமையாதவை என்பதை எல்லோருக்கும் உணர்த்தின. கோதானமும் அத்தகையதே. கன்றோடு பசுவைத் தானமளிப்பது புண்ணியம். அந்தப் பசுவுக்கு ஆயுள் முழுதும் தீவனம் கிடைக்குமா என்று வினவி, அதற்கும் வழி செய்வது அதனினும் பெரிய புண்ணியம். கறவை ஓய்ந்ததும் அடிமாடாக விற்கப்படுமாயின், தானத்தின் பயன் எங்கே? அகத்திக்கீரைக் கட்டை அவிழ்த்து ஊட்டுவதும், பழம் வைத்திருந்த பிளாஸ்டிக் பையைத் தெருவில் எறியாதிருப்பதும் சிறு செயல்களாகத் தோன்றலாம். அப்பையை விழுங்கிய பசுவுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

உழைப்பு ஓய்ந்த பின்னும் ஓர் உயிரின் மதிப்பு ஓய்வதில்லை என்பதை, முதுமை எய்தியோர் பிறர் சொல்லி அறிய வேண்டுவதில்லை. இல்லத்தில் இளையோருக்கு இதனைச் சொல்லத் தகுதி வாய்ந்தவர்களும் அவர்களே. கிழமாடு இருக்கும் தொழுவத்தில் வைக்கோல் குறையாமல் பார்த்துக்கொள்வதும், மண்டபத்து நிழலில் ஒதுங்கிய நாயைக் கல்லெறிந்து விரட்டாதிருப்பதும், பேரப்பிள்ளைகள் கண்ணெதிரே நடக்கும் சிவபூஜையாகும்.