அம்மான் அனுப்பிய படம்

பிள்ளையார்பாளையத்திற் பிறந்தவனுக்குச் சரிகை பார்க்கத் தெரியாதென்றால் ஊரார் நகைப்பர். பட்டுச் சேலையொன்றைக் கையிற் கொடுத்தவுடன் முந்தானையை விரித்து அழகு பார்ப்பவன் வாங்க வந்தவன். சேலையைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்ப்பவன் நெய்யத் தெரிந்தவன். என் பாட்டனார் இவ்வித்தையிற் பெயர் பெற்றவர். மெய்ச்சரிகை என்பது சிவப்புச் சாயமேற்றிய பட்டு நூலின்மீது தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதன்மேற் பொன்முலாம் பூசியது. மேல்மினுக்கை அவர் ஒரு பொருட்டாக எண்ணுவதில்லை. ஓரிழையை நகத்தாற் சுரண்டிக் கம்பி விலகிய இடத்தில் உள்நூல் சிவந்திருக்கின்றதா என்று நோக்குவார். வெண்ணூல் தென்பட்டால் யாதொன்றும் பேசாமற் சேலையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஐயம் எஞ்சியவிடத்துத்தான் உரைகல் வெளியே வரும். இதற்காக அவர் எவரிடமும் காலணாவும் பெற்றதில்லை. ஆதலின் அவர் சொல்லுக்குத் தெருவில் மறுசொல் இருந்ததில்லை.

1972-ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், சரிகையல்லாத பொருளொன்று அவரிடம் தீர்ப்புக்கு வந்தது. அஃது ஒரு புகைப்படம்.

என் அம்மான் அதற்கு ஓராண்டு முன்னர்த் தறியை விட்டு நீங்கி இந்திய விமானப் படையிற் சேர்ந்திருந்தார். நீங்கினார் என்று எளிதாக எழுதிவிட்டேன். தறியிற் பாவு ஏற்றியிருந்தது. பாதிச் சேலை நெய்தபடியே நின்றது. விடியற்காலையில் எழுந்து, குழித்தறியின் மேடையில் ஒரு கடிதத்தை வைத்துவிட்டுத் தாம்பரத்திற்குப் போய்விட்டார். பாவு ஏறிய தறியை விட்டுப் போவதென்பது எங்கள் பக்கத்தில் உலையிலேற்றிய அரிசியை விட்டுப் போவதற்கு ஒப்பாகும். பாட்டனார் அன்றுமுதல் மகனுடைய பெயரைச் சொல்லவில்லை.

ஆயினும் என் பாட்டியார் மகனுக்குப் பெண் பார்ப்பதை நிறுத்தவில்லை. தெருக்கோடியில் வசித்த நெசவாளர் ஒருவர் தம் மகளைக் கொடுக்க இசைந்திருந்தார். அம்மான் அனுப்பிய படத்தைப் பாட்டியார் அவர் வீட்டிற்குக் கொடுத்தனுப்பினார். அதில் அம்மான் ஒரு ஹெலிகாப்டரின் கதவிற் கைவைத்து நின்றார். பின்புறத்தில் ‘என் விமானம்’ என்று அவர் கையெழுத்தில் இருந்தது. பெண்ணைப் பெற்றவர் அதைக் கையிலேந்திக்கொண்டு நேரே பாட்டனாரிடம் வந்துவிட்டார். அவரைக் குறை கூறுவதற்கில்லை. வைகாசியில் வரதர் கருடசேவைக்கு வரும் கடைகளில், அட்டையாற் செய்த விமானத்தின் துளையில் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொள்ளாத இளைஞர் அந்நாளில் அரியர். ஹெலிகாப்டர் ஒன்றை அருகில் நின்று கண்டவர் எங்கள் தெருவில் ஒருவருமிலர்.

“அண்ணா, பெண்ணைக் கொடுக்கப் போகிறவன் நான். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். இது மெய்யா, பொருட்காட்சிப் பொம்மையா?” என்றார் அவர்.

அப்பொழுது யான் எட்டு வயதுச் சிறுவன். எங்கள் கோர்வை நெசவில் உடலும் கரையும் வெவ்வேறு நிறமாதலால், கரைநாடாவைத் தள்ளப் பக்கத்தில் ஒருவர் வேண்டும். பள்ளி நேரம் போக அவ்வேலை என்னுடையது. ஆகவே அத்தீர்ப்பின்போது பாட்டனாருக்கு ஒருமுழ தூரத்தில் இருந்தேன். அவர் படத்தை வெளிச்சத்திற்குக் கொண்டுபோய் நெடுநேரம் பார்த்தார். பின்னர் மூன்று காரணங்கள் சொன்னார். ஒன்று, மேலேயுள்ள நீண்ட இறக்கைகள் நுனியில் துவண்டு தொங்குகின்றன. பறக்கும் பொருளின் இறக்கை வாடிய வாழையிலைபோல் இராது. இரண்டு, நெருப்பெரித்து ஓடும் யந்திரமென்கிறார்கள். புகைபோக்கியின் பின்னே ஒரு கரியும் இல்லை. மூன்று, படத்தில் நிற்பவன் விரல்கள் துடைத்த கண்ணாடிபோல் இருக்கின்றன. யந்திரத்தில் வேலை செய்பவன் கை இதுவன்று. “இது மெய்யன்று” என்று கூறிப் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நாடாவை எடுத்தார்.

சம்பந்தம் நின்றுபோயிற்று. செய்தி அம்மானுக்கு எட்டியது. அதன்பின் ஏழாண்டுகள் அவரிடமிருந்து பணவிடைத்தாள் வந்ததேயன்றிக் கடிதம் வந்ததில்லை.

சென்ற கோடையில் அவ்வீட்டைப் பழுதுபார்க்குங்கால் அப்படம் ஒரு தகரப் பெட்டியில் அகப்பட்டது. நமது கலாசாலையிற் பௌதிகம் பயிலும் என் தங்கையின் பேரன் அதைக் கண்டு, “தாத்தா, இது நிஜமா, மாடலா?” என்று கேட்டான். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் கேள்வி மாறாதிருந்தது எனக்கு ஒருவகை நடுக்கத்தைத் தந்தது. கணிப்பொறியே இல்லாத படத்தை வரைந்து தரும் இக்காலத்து மாணவன் ஐயுறுவது இயல்புதான். இருவரும் ஒரு பூதக்கண்ணாடியோடு அமர்ந்தோம்.

முதலில் இன்ன ஹெலிகாப்டர் என்பதைத் தெளிய வேண்டும். மூன்று இறக்கைகள், மூன்று சக்கரங்கள், முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, மூடியின்றி வெளியே தெரியும் யந்திரம்: இவ்வடையாளங்களாற் படத்திலுள்ளது சேதக் என்பது தெளிவு. பிரான்சு நாட்டில் 1959-இல் முதன்முதற் பறந்த அலுவெட் மூன்றாம் வகையே இஃது. நம் நாட்டில் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உரிமம் பெற்றுக் கட்டியது 1965-இற் பறந்தது. ராணா பிரதாபன் குதிரையின் பெயரை இதற்கு இட்டனர். 1971 டிசம்பர் 3-ஆம் நாள் இரவில், வங்காளதேச விடுதலை வீரர்கள் இவ்வகை ஹெலிகாப்டர் ஒன்றிற் குண்டுக்கணைகளைப் பொருத்திக்கொண்டு எண்ணெய்க் கிடங்குகளைத் தாக்கினர். அம்மான் படம் அனுப்பியது அதற்கு ஏழு மாதம் கழித்து. பாட்டியார் அதைத் தெருவெல்லாம் காட்ட விரும்பியதன் காரணம் இப்பொழுது விளங்குகின்றது.

அடுத்து அட்டையா அன்றா என்பது. இதற்கு நெடிது முயல வேண்டியதில்லை. அம்மானுடைய கையின் நிழல் கதவின் வளைவைத் தழுவி வளைந்து விழுந்திருந்தது. சக்கரத்தின் ரப்பர் தரையைத் தொடுமிடத்திற் சற்றே பிதுங்கித் தட்டையாகியிருந்தது. பாரமில்லாத மரப்பொம்மையின் சக்கரம் இங்ஙனம் பிதுங்குவதில்லை. பக்கத்துத் தகடுகளில் ஆணிவரிசைக்கு இடையே மெல்லிய நெளிவுகள் ஒளியில் தெரிந்தன. மெல்லிய உலோகத் தகட்டை ஆணியறைந்து பொருத்தினால் அந்நெளிவு வந்தே தீரும். அச்சிலிட்டு வார்த்த பொம்மையோ மழமழவென்றிருக்கும்.

இனிப் பாட்டனார் கூறிய முதற் காரணத்திற்கு வருவோம். நம் மாணவர்கள் இதை ஊன்றிக் கேட்க வேண்டும். இறக்கை துவள்வது பொய்யின் அடையாளமன்று, மெய்யின் அடையாளம். சேதக்கின் சுழல்வட்டம் 11 மீட்டர் விட்டமுடையது. அப்படியாயின் ஒவ்வோர் இறக்கையும் 5 மீட்டருக்கு மேல் நீண்டு, ஓரடி அகலமும் மிகச் சிறு கனமும் உடையதாகின்றது. நிற்கும்போது தன் பாரத்தாலேயே அது நுனியிற் சாயும். சுழலத் தொடங்கியபின் மையத்தை விட்டு ஓடும் விசை அதை இழுத்து நிமிர்த்துகின்றது; உடலைத் தூக்கும்போது நுனிகள் மேலெழுந்து, இறக்கைகள் கவிழ்த்த குடைக்கு மாறாக விரிந்த கிண்ணம்போல் அமைகின்றன. கயிற்றிற் கல்லைக் கட்டிச் சுழற்றியவர்க்கு இஃது விளங்கும். பொம்மை செய்பவரோ பெரும்பாலும் கட்டையையோ குழாயையோ நேராகப் பொருத்திவிடுகின்றனர். எனவே நிற்கும் ஹெலிகாப்டரின் இறக்கை விறைத்து நின்றாற்றான் ஐயுற வேண்டும். பாட்டனார் தம் வாழ்நாளில் இழுத்துக் கட்டிய பாவையே கண்டவர். தொய்ந்தது யாதாயினும் அவர்க்குக் குற்றமாகவே பட்டிருக்கும்.

இறக்கையை எண்ணுவதாலும் பொய் வெளிப்படுவதுண்டு. 1984-இல் வந்த ‘ரெட் டான்’, 1988-இல் வந்த மூன்றாம் ராம்போ ஆகிய அமெரிக்கத் திரைப்படங்களில் ருஷ்யரின் மி-24 போர் ஹெலிகாப்டராகக் காட்டப்பட்டவை உண்மையில் பியூமா என்னும் வேறு ஹெலிகாப்டருக்கு வேஷமிட்டவை. மூக்கை மாற்றினர், சிறு சிறகுகளை ஒட்டினர், வர்ணம் பூசினர். ஆனால் மி-24-க்கு மேலே ஐந்து இறக்கைகள், பியூமாவுக்கு நான்கு. அவ்வொன்றை மாற்றுவது எளிதன்று. மெய்யான அவ்வினத்தை, மி-25 என்னும் பெயரால், நம் விமானப் படை 1984-இற் பெற்றது. 1987-இல் யாழ்ப்பாணத்து மக்கள் அதைத் தலைக்குமேற் கண்டனர். கீழே நின்றவர்களுக்கு மெய்யா பொய்யா என்னும் ஆராய்ச்சிக்கு இடமிருந்ததில்லை.

ஆகவே முதற் காரணம் பிழை. அம்மான் பக்கம் வழக்கு வென்றதென்று பேரன் துள்ளினான். யானும் அவ்வாறே எண்ணிப் பூதக்கண்ணாடியை வால்பகுதிக்கு நகர்த்தினேன். அங்கே பாட்டனார் சொல் சொன்னபடியே நின்றது. சேதக்கின் புகைக்குழாய் பின்னோக்கி, வாலுக்கு மேலே வாய் திறந்திருக்கும். பறந்துகொண்டிருக்கும் ஒன்றில் அவ்விடத்தைக் கரி மங்கச் செய்துவிடும். அரக்கோணத்தில் 1992-இல் ‘ராஜாளி’ என்னும் பெயரோடு கடற்படை விமான நிலையம் தொடங்கிய பிறகு, அங்கிருந்து பயிற்சிக்கு எழும் சேதக்குகளை எங்கள் பக்கத்தார் நன்கு அறிவர். யானும் அவற்றின் வால் மங்கியிருப்பதைக் கண்டிருக்கின்றேன். இப்படத்திலோ வால் திருமணத்திற்கு வெள்ளையடித்த சுவர் போலிருந்தது.

மெய்யான உடல், ஆனால் பறந்த அடையாளமில்லை. புதிதோ என்றால், கதவின் கீழுள்ள மிதிபடியில் வர்ணம் தேய்ந்து உலோகம் வெளுத்திருந்தது. பறவாத ஒன்றிற் பலர் ஏறியிறங்குவானேன்? விடை கண்ணாடி மூக்கில் இருந்தது. அவ்வளைந்த கண்ணாடியிற் படம் எடுத்தவருடைய நிழலுருவும், அவருக்குப் பின்னே ஒரு பெருங்கொட்டகையின் உட்புறமும், அதில் வரிசையாக நீண்ட விசிப்பலகைகளும் சிறுத்துத் தெரிந்தன. விசிப்பலகைகளின் வரிசையை எங்கே கண்டாலும் அதைப் பள்ளியென்று அறிய, கல்வித்துறையில் முப்பதாண்டு உழன்ற எனக்குப் பூதக்கண்ணாடியும் வேண்டியதில்லை.

இத்தகைய நிலை சரிகையில் இல்லை. யந்திரங்களில் உண்டு. அரக்கோணத்தினின்று பல்லாண்டு பறந்த டி.யு.-142 என்னும் பெருவிமானங்கள் 2017-இல் ஓய்வு பெற்றன. அவற்றுள் ஒன்றை விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் அவ்வாண்டே காட்சிசாலையாக நிறுத்தினர். அதை மெய்யென்பதா, உருவமென்பதா? ஒவ்வோர் ஆணியும் மெய். பறத்தல் ஒன்றுதான் இல்லை.

அம்மானுக்கு இப்பொழுது வயது எழுபத்தைந்து; திருச்சிராப்பள்ளியில் வசிக்கின்றார். படத்தை எடுத்துக்கொண்டு அவரிடம் சென்றேன். நெடுநேரம் பார்த்துவிட்டு அவர் கூறியது இது:

“பயிற்சிக் கொட்டகையில் இருந்தது. அதன் யந்திரத்தைக் கழற்றுவோம், பூட்டுவோம், மறுபடி கழற்றுவோம். நான் இருந்தவரையில் அது தரையை விட்டு எழுந்ததில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை, கையைச் சோப்பிட்டுக் கழுவிக்கொண்டு போய் நின்றேன். பிற்பாடு பறக்கிறவற்றில் இருபது வருஷம் வேலை செய்தேன். அவற்றின் பக்கத்தில் நின்று படம் எடுக்க உத்தரவு கிடையாது. உத்தரவு கிடைத்தது இதற்குத்தான். ‘என் விமானம்’ என்று எழுதாமல் வேறென்ன எழுதுவேன்?”

சற்றுப் பொறுத்து, “அப்பா எதைப் பார்த்து அப்படிச் சொன்னார்? எனக்கு ஒருவரும் சொன்னதில்லையே” என்றார்.

மூன்று காரணங்களையும் கூறினேன். இறக்கையைக் கேட்டுச் சிரித்தார். விரல்களைக் கேட்டுத் தம் கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். 1979-இல் அவர் முதன்முறை விடுமுறைக்கு வந்தபோது நிகழ்ந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. பாட்டனார் வாசலில் எழுந்து நின்று, ஒன்றும் பேசாமல் மகனுடைய வலக்கையைப் பற்றி விரித்து, நகக்கண்களிற் படிந்திருந்த எண்ணெய்க் கறுப்பைப் பார்த்தார். பின்பு உள்ளே திரும்பி, “இலை போடு” என்று பாட்டியாரிடம் சொன்னார். தீர்ப்பை மாற்றிக்கொண்டதாக அவர் எவரிடமும் கூறவில்லை. தெருக்கோடிப் பெண்ணுக்கு அதற்குள் இரண்டு குழந்தைகள்.

“வால் சுத்தமாயிருந்ததையா கண்டுவிட்டார்!” என்று அம்மான் தமக்குள்ளே சொல்லிக்கொண்டார். “எங்கள் வகுப்பில் ஒருவனும் அதைக் கேட்டதில்லை.”

யான் விடைபெறும்போது வாசல்வரை வந்தார். தறி இருக்கின்றதா என்று வினவினார். குழியைச் சிமெண்டிட்டு மூடிவிட்டார்கள் என்றேன். செருப்பை மாட்டிக்கொள்ளும்வரை பேசாதிருந்து, பிறகு கேட்டார்:

“நான் விட்டுப்போன பாவை யார் நெய்து முடித்தது?”

“தாத்தாதான், மாமா. கரைநாடா தள்ளியது நான்.”

“என்ன நிறம்?” என்றார்.

அரக்கு உடலும் பச்சைக் கரையும் என்றேன். அவர் தலையசைத்தார்.