பிஜூ தியேட்டர்

இன்னைக்கு பாத்த படம், ‘தி ஸ்மாலஸ்ட் ஷோ ஆன் எர்த்’.
1957. கறுப்பு வெள்ளை. பேசில் டியர்டன் டைரக்‌ஷன்.
பீட்டர் செல்லர்ஸ் ரசிகர்கள்கூட இதைப் பத்தி அதிகம் பேசி நான் கேட்டதில்ல.

கஷ்டத்துல இருக்கிற இளம் தம்பதிக்கு சொத்தா ஒரு தியேட்டர் வருது. போய் பாத்தா இடிஞ்சு விழற நிலைமை. பேரு பிஜூ. ஊர்க்காரங்க வச்ச பேரு மூட்டைப்பூச்சிக் கொட்டாய்ங்கிற மாதிரி! பக்கத்துல ரயில் போனா கட்டடமே ஆடும்.

கூடவே மூணு பழைய ஊழியர்கள்.
டிக்கெட் குடுக்கிற அம்மா மார்கரெட் ரதர்ஃபோர்ட். வாசல்ல நிக்கிற கிழவர் பெர்னார்ட் மைல்ஸ், அவருக்கு வேண்டியதெல்லாம் ஒரு யூனிஃபார்ம்.
ஆபரேட்டர் செல்லர்ஸ். குடிப்பழக்கம் உள்ள வயசான மனுஷன். செல்லர்ஸ் பொறந்தது 1925-லன்னா நம்பவே முடியல. அந்த தளர்ந்த நடை, முணுமுணுப்பு... என்ன நடிகன்யா!

பாலைவனப் படம் ஓடும்போது ஹீட்டரைக் கூட்டி விட்டு, இடைவேளைல ஐஸ்கிரீமும் கூல்டிரிங்ஸும் விக்கிற இடத்துல சத்தமாவே சிரிச்சேன்.

ஆனா என்னை உலுக்கினது வேற சீன்.
ஆட்டம் முடிஞ்சு கூட்டம் போனப்புறம், அந்த மூணு பேரும் தங்களுக்காகவே ஒரு மௌனப்படம் போட்டுக்கிறாங்க. 1923-ல ஹெப்வொர்த்ங்கிற டைரக்டர் எடுத்த படம். செல்லர்ஸ் புரொஜெக்டர்ல, அந்தம்மா பியானோல.
காமெடிப் படத்துக்கு நடுவுல, யாரையும் கேலி பண்ணாம, இப்படி ஒரு சீனை வைக்க எவ்வளவு பிரியம் வேணும்! மொத்தமே ஒண்ணரை மணி நேரத்துக்குள்ளதான். அவசியம் பாருங்க.

தியேட்டர்ல வேலை பாத்தவங்களைப் பத்தி இவ்வளவு அன்பா எடுத்த படம் வேற ஏதாவது தெரியுமா? சொல்லுங்க, தேடிப் பாக்கணும்.