சஸ்பென்ஸ் கணக்கு

வங்கியில் எங்களிடம் ஒரு கணக்கு உண்டு. யாருடையது, எதற்காக வந்தது என்று உடனே தெரியாத தொகைகளை அதில் போட்டு வைப்போம். சஸ்பென்ஸ் கணக்கு என்று பெயர். பணம் வந்திருக்கிறது, விவரம் சரியில்லை, ஆனால் அன்றைய கணக்கை முடித்தாக வேண்டும். உண்மை தெரிகிறவரை அங்கே கிடக்கட்டும் என்று விடுவதுதான். ஆடிட்டர் வந்தால் முதலில் அதைத்தான் திறக்கச் சொல்வார். ஒரு தொகை அதில் நெடுநாள் கிடப்பது கிளைக்கு கௌரவம் இல்லை.

என் மகன் இரண்டு வருஷங்களுக்கு மேலாக அந்தக் கணக்கில் இருக்கிறான்.

அவனுடைய ஆஸ்பத்திரிச் சீட்டில் சீலியாக் என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார் டாக்டர். வியாதியைவிட அந்தக் கேள்விக்குறியைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். ஆனாலும் வியாதியைச் சொல்லாமல் முடியாது. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கிற புரதத்துக்கு குளூட்டன் என்று பெயர். பரோட்டா மாவு இழுத்த இழுப்புக்கெல்லாம் அறுந்துபோகாமல் வருவது அதனால்தான். சீலியாக் உள்ளவர்களுக்கு அது வயிற்றுக்குள் போனதும் உடம்பின் பாதுகாப்பு அமைப்பு தன் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. உணவை உறிஞ்சுவதற்காகக் குடலின் உட்சுவரில் இருக்கும் விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் தேய்ந்து தட்டையாகிவிடுகின்றன. குழந்தை சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. ஆயுள் முழுக்கக் குளூட்டனைத் தவிர்ப்பது ஒன்றே வழி.

ஒன்றரை வயதில் ஆரம்பித்தது. ஓயாத பேதி, வயிறு மட்டும் பானை, கைகால்கள் குச்சி. 'மாந்தம்டா இது. உனக்கும் இந்த வயசுல இருந்துச்சு' என்று அம்மா வசம்பு சுட்டுத் தேய்த்தாள். ஒரு டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார்; இன்னொருவர் டானிக் எழுதினார். குழந்தையைத் தேற்றுவதற்காக நாங்களும் எங்களால் முடிந்ததைச் செய்தோம். காலையில் ரஸ்க், கோதுமை கலந்த சத்துமாவு, இரவில் மால்ட் சேர்த்த பானம் ஒரு டம்ளர். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. அவன் இளைக்க இளைக்க நாங்கள் அளவைக் கூட்டினோம். இரண்டேகால் வயதில் எடை 9 கிலோ.

டெல்லியில் இருக்கும் என் மனைவியின் சித்தி மகள்தான் போனில் சொன்னாள், அவர்கள் குடியிருப்பில் இப்படி ஒரு குழந்தை உண்டு, கோதுமையை நிறுத்திப் பாருங்கள் என்று. மறுநாளே நிறுத்தினோம். பத்து நாளில் பேதி நின்றது. ஒரு மாதத்தில், இடுப்பை விட்டு இறங்காமல் சிணுங்கிக்கொண்டிருந்தவன் வாசலில் கோழியைத் துரத்தினான். நான்கு மாதத்தில் எடை பத்தரை.

இந்த வெற்றியோடுதான் பாண்டிச்சேரியில் குடல் நோய் நிபுணரிடம் போனோம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, 'டெஸ்ட் எடுக்கறதுக்கு முன்னாடி ஏன் சார் நிறுத்தினீங்க?' என்றார். ரத்தத்தில் அவர்கள் தேடுகிற எதிர்ப்புப் பொருள் கோதுமை சாப்பிடுகிறவரைதான் இருக்கும். நிறுத்தினால் வடிந்துவிடும், குடலும் மெல்ல ஆறிவிடும். பரிசோதித்தார்கள். சரியாக இருக்கிறது என்று வந்தது. அப்படி வந்ததற்கு அர்த்தம் எதுவும் இல்லை. மரபணுச் சோதனையும் செய்தார்கள். அதற்குரிய மரபணு இல்லையென்றால் நோய் இல்லை என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். இருந்தால் நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது, நோயே இல்லாத ஏராளமான பேருக்கும் அது இருக்கிறது. இவனுக்கு இருந்தது. என்னை, மனைவியை, மூத்தவளை எல்லாரையும் சோதித்தார்கள். எங்கள் ரத்தத்தில் எதுவும் இல்லை.

நிச்சயமாகத் தெரிய ஒரு வழிதான் இருக்கிறது. மறுபடியும் கோதுமை கொடுக்க வேண்டும். சில வாரங்கள், தேவையானால் சில மாதங்கள், தினமும். பிறகு ரத்தம், அதன் பிறகு குழாய் விட்டுச் சிறுகுடலிலிருந்து துணுக்கு எடுத்துப் பார்ப்பது. வளர்கிற குழந்தைக்கு ஐந்து வயதுக்கு முன் இதைச் செய்ய வேண்டாம் என்றார் டாக்டர். வருகிற பங்குனியில் அவனுக்கு ஐந்து நிறைகிறது.

போன மாதம் மரக்காணம் வந்திருந்த நண்பர் ஒருவர், நீங்கள் எல்லோரும் அறிந்த கவிஞர், 'இதெல்லாம் வெள்ளைக்காரன் வியாதி' என்றார். அவர் கையில் குழந்தைகளுக்கு வாங்கிவந்த பிஸ்கட் பாக்கெட் இருந்தது. வெள்ளைக்காரன் வியாதி என்பது உண்மையல்ல. ஆனால் அவர் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது. இந்தியாவில் மூன்று பிரதேசங்களில் 23,331 பேரைச் சோதித்த ஆய்வு ஒன்று 2016-ல் வெளிவந்தது. வடக்கே நூற்றில் 1.23 பேர், தெற்கே நூற்றில் 0.10, அதாவது ஆயிரத்தில் ஒருவர். வடக்கே ஒருவர் நாளைக்கு 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார், தெற்கே 25 கிராம். என் மகன் அந்த ஆயிரத்தில் ஒருவனாக இருக்கலாம், மற்ற 999 பேரில் ஒருவனாகவும் இருக்கலாம். எண்கள் சொல்வது அவ்வளவுதான்.

நாம் அரிசிக்காரர்கள், இது சுலபம் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். இட்லி, சோறு, கேழ்வரகுக் கூழ், மீன். கோதுமை எங்கே இருக்கிறது? இலக்கியத்தில் நெருங்கி வாசிக்க வேண்டும் என்று மற்றவர்களுக்கு உபதேசம் செய்து எழுதியிருக்கிறேன். ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் எழுதியவர்களின் பெயரை மறைத்துவிட்டு மாணவர்களிடம் கவிதைகளைக் கொடுத்துப் பார்த்ததை வைத்து ஒரு கட்டுரைகூட உண்டு. அப்படிப்பட்டவன் ஆறு மாதம் எங்கள் வீட்டுப் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படிக்கவில்லை. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் பிசினோடு மைதாவோ கோதுமை மாவோ சேர்ந்திருக்கும். சாம்பார், ரசம், மோர் எல்லாவற்றிலும் ஒரு சிட்டிகை போய்க்கொண்டிருந்தது. எழுத்து மிளகளவு, அதைப் படித்தவள் என் மனைவி.

பிறகு மாவு மில். கோதுமை அரைத்த கல்லில் அரிசியைக் கொட்டினால் முதலில் விழுவது அடுத்தவர் வீட்டுக் கோதுமை. குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியாவிலும் சட்டம். அந்த அளவை மில்காரரிடம் விளக்க முடியாது. இப்போது வீட்டில் மிக்ஸியில்தான் அரைக்கிறோம்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். பிரியத்தைச் சமாளிப்பதுதான் கஷ்டம். நம் ஊரில் குழந்தையின் மேல் உள்ள பிரியம் இன்று முழுக்கக் கோதுமையால் ஆகியிருக்கிறது. பிறந்தநாள் கேக், கோயில் ரவா கேசரி, கல்யாண வீட்டு சேமியா பாயசம், பஸ்ஸில் பக்கத்து ஸீட் பாட்டி மடியிலிருந்து எடுத்து நீட்டும் பிஸ்கட். 'ஒண்ணே ஒண்ணு குடுத்தா புள்ளைக்கி என்னா ஆயிடப் போவுது?' ஒவ்வொரு தடவையும் அந்தக் கையை மறிப்பவன் நான். ஆயிடப் போவது என்ன என்று எனக்கு நிச்சயமாகத் தெரியாது என்பது அவர்களுக்குத் தெரியாது.

என் கௌண்டருக்கு ஒரு அம்மாள் வருவார். உப்பளத்தில் வேலை. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கி வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென்று அரசாங்கம் போடும் ஐயாயிரம் ரூபாய் வந்துவிட்டதா என்று பார்க்க வருவார். ஒருநாள் என் மகனும் கிளைக்கு வந்திருந்தான். பிஸ்கட்டை நீட்டினார். நான் விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, 'அப்ப கஞ்சி குடுங்க சார். நாங்க குடிச்சு வளந்தது அதானே' என்றார். பிஸ்கட்டை மடியில் முடிந்துகொண்டார். அது அவருடைய பேரனுக்கு. கஞ்சியிலிருந்து தன் பேரனைக் காப்பாற்றுவதற்காக அவர் வாங்குவதிலிருந்து நான் என் மகனைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன். சங்கப் பாட்டில் உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்குவார்கள். இந்தக் கடற்கரையில் இன்று உப்புக்குக் கிடைக்கும் கூலி பன்னாகவும் பரோட்டாவாகவும் மாறுகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று அன்று மாலைவரை தோன்றிக்கொண்டிருந்தது.

மூத்தவளுக்கு ஏழு வயது. அவளுக்கு வியாதி இல்லை, ஆனால் வீட்டில் அவளுக்கும் கோதுமை இல்லை. ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், தெருக்குழாயில் கையையும் வாயையும் நன்றாகக் கழுவிக்கொண்டு உள்ளே வருவதை மாடியிலிருந்து பார்த்தேன். சிநேகிதி கொடுத்த கேக்கைத் தின்றிருக்கிறாள். தப்புச் செய்துவிட்ட பயத்தில் கழுவவில்லை. தம்பிக்கு ஒட்டிவிடக்கூடாது என்று கழுவியிருக்கிறாள். யாரும் அவளுக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. எங்கள் சந்தேகத்துக்கு வட்டி கட்டுபவள் அவள் என்று அன்று புரிந்தது.

இந்த வியாதியின் சரித்திரத்தைத் தேடிப் படித்தேன். என் சுபாவம் அது. 1888-ல் லண்டனில் சாமுவேல் ஜீ என்ற டாக்டர் இதை விவரித்து எழுதினார். சாப்பாட்டால்தான் இது குணமாக முடியும் என்றார், எந்தச் சாப்பாடு என்று அவருக்குத் தெரியவில்லை. டச்சு மட்டிகளைத் தின்று தேறிய ஒரு குழந்தையைப் பற்றி எழுதியிருக்கிறார். மட்டி கிடைக்கும் பருவம் முடிந்ததும் அது பழையபடி ஆகிவிட்டது. ஐம்பது வருஷம் கழித்து, ஹேக் நகரத்துக் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வில்லம் டிக்கே என்பவருக்குக் கோதுமையின் மேல் சந்தேகம் வந்தது. 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மானியர்களின் பிடியில் ஹாலந்து பட்டினி கிடந்தது. ஜனங்கள் டூலிப் கிழங்கைத் தின்றார்கள். ரொட்டி கிடைக்காத அந்த நாட்களில் சீலியாக் குழந்தைகள் மோசமாகவில்லை. ரொட்டி திரும்பியபோது மறுபடி படுத்துக்கொண்டார்கள். அவருடைய ஆய்வேடு 1950-ல் வந்தது. ஒரு தேசத்துக்கு ரொட்டி திரும்பி வந்த சந்தோஷத்தில் சில குழந்தைகள் சுருண்டதால் கிடைத்த நிச்சயம் அது. என் மகனுக்குச் செய்யச் சொல்வதும் அதே சோதனைதான். இந்தத் தடவை ரொட்டியைக் கொண்டுவருகிற கை என்னுடையது.

மனைவி மறுத்துவிட்டாள். 'அவன் நல்லா இருக்கான். உங்களுக்குத்தான் தெரிஞ்சாகணும். அவனுக்கு ஒண்ணும் தெரிய வேணாம்.'

பதில் சொல்ல முடியவில்லை. இங்கே உப்பளத்தில் கரிப்பு நீரின் பதம் பார்க்க ஒரு மிதவைக் கருவி வைத்திருக்கிறார்கள். 25 டிகிரி போமே அளவில் உப்பு விளையத் தொடங்கும். 30-ஐ நெருங்குவதற்குள் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மற்ற உப்புகளும் படிந்து கசக்கும். பழைய ஆட்கள் கருவியைத் தொடுவதில்லை. நீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். என் மனைவி அந்த ரகம். தினமும் அவன் மலத்தைப் பார்த்தவள், எலும்பின் மேல் சதை வைப்பதைக் கையால் உணர்ந்தவள். அவளுக்கு எதற்கு நிரூபணம்? விமர்சனத்தில் நான் எதையும் சந்தேகப்படுவேன், அதற்காகப் பெருமைப்பட்டும் இருக்கிறேன். அந்தச் சந்தேகங்களுக்கு நான் ஒரு பைசா செலவழித்ததில்லை. இதற்கு விலை இரண்டு மாத வயிற்றுவலி; கொடுக்கப் போகிறவன் அவன்.

மூன்று மாதம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. தை மாதத்தில் ஒருநாள் அவளே ஆரம்பித்தாள். ஈ.ஸி.ஆர். ரோட்டில் ஒரு பரோட்டாக் கடை வாசலில் பஸ்ஸுக்காக நின்றிருக்கிறாள். காலேஜ் பையன்கள் நாலு பேர் ஒரே இலையில் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்களாம்.

'பதினெட்டு வயசுல இவனும் அங்க ஒக்காருவான். அப்ப நாம பக்கத்துல இருக்க மாட்டோம். எங்கப்பாவுக்கு ஒரு சந்தேகம்னு சொல்லி எந்தப் பையனும் எழுந்து வரமாட்டான். வியாதி இருக்குதுன்னா வருவான். இல்லன்னா நிம்மதியா சாப்பிடட்டும்.'

பங்குனி கழித்து ஆரம்பிப்பதாக முடிவு செய்திருக்கிறோம். தினம் இரண்டு துண்டு ரொட்டி. மோசமானால் உடனே கூட்டிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

இன்னும் ஒரு காரியம் இருந்தது. அவனிடம் யார் பெயர் கேட்டாலும் பெயரைச் சொல்லி, மூச்சு விடாமல், 'எனக்கு கோதும ஆவாது' என்பான். இரண்டும் சேர்ந்துதான் அவன். நேற்று இரவு பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இனிமேல் கொஞ்ச நாள் ரொட்டி சாப்பிட வேண்டும், டாக்டர் பார்க்க வேண்டும் என்கிறார் என்று சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். முகம் சுருங்கிவிட்டது.

'அப்ப நீ சொன்னது பொய்யாப்பா?'

'பொய் இல்லடா. சந்தேகம்.'

அந்த வார்த்தை அவனுக்குத் தெரியவில்லை. எழுந்து உள்ளே போய் அக்காவிடம் கேட்டான். அவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னது எனக்கும் கேட்டது.

'அப்பாவுக்குத் தெரியலன்னு அர்த்தம்.'