பேர் எழுதிய கோயில்

எட்டு ஊர்கள் எங்களுடையவை. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை. அரசுக் கணக்கில் கன்னியாகுமரி மாவட்டம். திருச்சபைக் கணக்கில் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டம். முன்னால் அரபிக்கடல், பின்னால் ஏ.வி.எம். கால்வாய், நடுவில் ஒடுங்கிய மணல்திட்டு. அதில் சுவரோடு சுவர் முட்டிய வீடுகள். அந்த வீடுகளுக்கு நடுவே ஒவ்வோர் ஊரிலும் ஒரு பெரிய கோயில்.

வெளியூர்க்காரர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான். அவர்களுடைய முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான். குடியிருக்க இடமில்லாத ஊரில் இவ்வளவு பெரிய கோயில் எதற்கு? மீன் குத்தகைப் பணத்தையும் வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சம்பாத்தியத்தையும் கான்கிரீட்டில் கொட்டியதற்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாமே? பங்குத்தந்தை சொல்வதுதான் ஊருக்குச் சட்டமா? ஆயிரக்கணக்கானோர் நிற்கும் பூசையில் பக்கத்தில் நிற்பவர் யாரென்று தெரியாதே, இதில் என்ன உறவு என்று கேட்பவர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. என் தோழி ஒருத்தி இந்தக் காரணத்துக்காகவே வீட்டு மாடியில் நடக்கும் சிறிய ஜெபக்கூட்டத்துக்குப் போகிறாள். இந்தக் கேள்விகள் எதையும் நான் தள்ளிவிடவில்லை. ஆனால் 2017 டிசம்பரில் எங்கள் கோயிலுக்குள் இருந்தவள் நான். அங்கே பார்த்ததைச் சொல்லாமல் இவற்றுக்குப் பதில் சொல்ல என்னால் முடியாது.

நவம்பர் 30, வியாழக்கிழமை. மீன்பிடித்துக்கொண்டிருந்து சீடரான புனித அந்திரேயாவின் திருநாள். முந்திய இரவே கிளம்பிய காற்று விடியும்போது ஊரைப் பிய்க்கத் தொடங்கியிருந்தது. தென்னையும் ரப்பரும் வாழையும் மாவட்டம் முழுக்கச் சாய்ந்தன. மின்கம்பங்கள் வரிசையாக விழுந்தன. செல்போனில் சிக்னல் இல்லை. வானிலைத் துறை அதைப் புயல் என்று அறிவித்து ‘ஒக்கி’ என்று பெயர் சொன்னது அன்று காலையில்தான்.

மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை முந்திய நாளே வந்திருந்தது. அது அன்றைக்குக் கிளம்பவிருந்தவர்களுக்கு உதவும். எங்கள் ஆட்கள் அப்படியில்லை. கொச்சியிலிருந்தும் தேங்காய்ப்பட்டணத்திலிருந்தும் விசைப்படகில் கிளம்பினால் முப்பது, நாற்பது நாள் ஆழ்கடலிலேயே தங்குவார்கள். சுறா தேடி லட்சத்தீவையும் தாண்டிப் போவார்கள். அந்தத் தூரத்துக்குக் கரையின் எச்சரிக்கை எட்டாது. படகில் இருந்த வயர்லெஸ், பக்கத்தில் நிற்கும் படகோடு பேசத்தான் பயன்படும். என் தம்பி அப்படிப்பட்ட ஒரு படகில் இருந்தான். எங்கள் தெருவில் படகில் ஆள் இல்லாத வீடு ஒன்றிரண்டுதான்.

அன்று பிற்பகல் பெண்கள் கோயிலுக்கு வரத் தொடங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை. பாய், தலையணை, கைக்குழந்தை, அரிசிப் பானை என்று கையில் அகப்பட்டதோடு வந்தார்கள். ஓடு பறந்த வீடுகளிலிருந்து கிழவர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருட்டும்போது பீடத்தின் படிவரை ஆட்கள். ஊருக்கு வேறு கூடம் இல்லை. பள்ளிக்கூடத்தின் அறைகளில் எல்லோரும் கொள்ள முடியாது. ஆயிரக்கணக்கான பேர் ஒரே கூரையின்கீழ், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி இருக்க முடிந்தது கோயிலில் மட்டுமே. எதற்கு இவ்வளவு பெரிது என்ற கேள்விக்கு அந்த இரவின் பதில் அது.

மறுநாள் காலை பங்குத்தந்தை மறைக்கல்வி வகுப்பு மேசைகளை நடுக்கூடத்தில் போடச் சொன்னார். ஊர்ப் பள்ளி ஆசிரியைகளான எங்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் உட்கார வைத்தார். கையில் நோட்டு. கடலில் இருக்கும் ஒவ்வோர் ஆளின் பேரையும் எழுத வேண்டும். பெயர், வயது, அப்பா பெயர், அன்பியம், படகின் பெயர், பதிவெண், கிளம்பிய துறைமுகம், கிளம்பிய நாள், உடன் போனவர்கள், கடைசியாக வயர்லெஸில் யாரிடம் பேசினார்கள், எந்தத் திசையில் நின்றார்கள்.

அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகள் சில பத்துச் சேர்ந்த குழு. வாரம் ஒருமுறை ஏதாவது ஒரு வீட்டில் கூடி ஜெபிப்பார்கள். பெரும்பாலும் பெண்கள்தான் அதை நடத்துகிறார்கள். எங்கள் பங்கு அப்படிப் பல அன்பியங்களாகப் பிரிந்தது. ஒவ்வோர் அன்பியத்தின் பொறுப்பாளரும் தன் வீடுகளுக்குப் போய், யார் கரையில், யார் கடலில் என்று கேட்டு வந்து மேசையில் சொன்னார். பங்கின் குடும்பப் பதிவேட்டோடு ஒத்துப் பார்த்தோம். மாலைக்குள் எங்கள் ஊரில் கடலில் இருந்தவர்களின் பட்டியல் ஏறக்குறைய முழுமையாகக் கையில் இருந்தது. மற்ற ஊர்க் கோயில்களிலும் இதே வேலை நடந்தது.

ஒரு தாய் என் முன்னால் வந்து நின்றாள். அவள் மகன் பேரை அதற்கு முன்பே அன்பியத்துப் பெண் சொல்லி எழுதியாயிற்று. "எனக்க பிள்ளைக்க பேரை வெட்டிரு டீச்சரே. நீ எழுதினா அவன் காணாமப் போனவனாயிருவான். அவன் வருவான்" என்றாள். நான் வெட்டவில்லை. இது காணாமல் போனவர்கள் பட்டியல் இல்லை, தேட வேண்டியவர்கள் பட்டியல் என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த சிஸ்டர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சுக்குக்காப்பி கொடுத்தார்.

படகில் வேலைக்கு வந்த வடமாநிலத்துப் பையன்களும் கடலில் இருந்தார்கள். எங்கள் பங்கிலும் இல்லை, எங்கள் மதத்திலும் இல்லை. அவர்களுடைய முழுப்பெயர்கூடப் படகுக்காரருக்குச் சரியாகத் தெரியவில்லை. பங்குத்தந்தை கடைசிப் பக்கத்தை அவர்களுக்கென்று ஒதுக்கச் சொன்னார். கூலி கொடுத்த ஸ்ராங்கின் (படகோட்டியின்) மனைவி, அவர்களுக்குச் சோறு போட்டவள், கூப்பிடும் பேரைச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தாள். கத்தோலிக்கக் கோயில் கத்தோலிக்கருக்குத்தான் என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கடைசிப் பக்கத்தைக் காட்டலாம்.

இந்தப் பட்டியல் ஏன் இவ்வளவு முக்கியமானது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் படகுகள் பலவற்றின் பதிவு கேரளத்தில். ஆட்களின் வீடு தமிழ்நாட்டில். அவர்கள் கிளம்பிய துறைமுகம் கொச்சி. கேரளத்தில் கேட்டால் தமிழ்நாட்டு ஆட்கள் என்றார்கள்; தமிழ்நாட்டில் கேட்டால் கேரளப் படகு என்றார்கள். ஒரு படகில் எத்தனை பேர், யார் யார் என்ற விவரம் எந்த அலுவலகத்திலும் ஒரே இடத்தில் இல்லை. அதனால் முதலில் வெளியே வந்த அரசு எண்ணிக்கைக்கும் எங்கள் எண்ணிக்கைக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். நாங்கள் எண்ணாகச் சொல்லவில்லை, பேராகச் சொன்னோம். பேரை யாரும் மறுக்க முடியாது.

டிசம்பர் 2 அன்று 68 படகுகளில் 952 மீனவர்கள் மகாராஷ்டிரக் கரையைச் சேர்ந்துவிட்டதாக அந்த மாநில முதலமைச்சர் அறிவித்தார். ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிய ஒரு செல்போனில் அந்தச் செய்தி வந்தது. கோயிலே எழுந்து நின்றது. அடுத்தடுத்துக் கிடைத்த பேர்களைப் பட்டியலில் தேடிப் பச்சை மையில் குறித்தோம். என் தம்பியின் பேரையும் அப்படிக் குறித்தேன். தங்கள் ஆட்களின் பேர் குறிக்கப்படாமல் தாய்மாரும் மனைவிமாரும் எனக்கு எதிரே நின்றுகொண்டிருந்தபோது என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. பூசையில் பாட்டு எழும்பவே இல்லை.

கடற்படையும் கடலோரக் காவல்படையும் தேடின. ஆழ்கடலில் இன்னும் தூரம் போய்த் தேட வேண்டும், திசை தெரிந்த எங்கள் மீனவர்களையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டோம். டிசம்பர் 7 அன்று அந்தக் கோரிக்கையோடு ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்துக்கு நடந்தோம். பங்குத்தந்தையர் முன்னால் நடந்தார்கள். வயதான பெண்கள் மகனின் படத்தை நெஞ்சில் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தண்டவாளத்தில் உட்கார்ந்து ஜெபமாலை சொன்னோம். இரவு வரை ரயில் ஓடவில்லை. யாரும் ஒரு கல்லை எடுக்கவில்லை. டிசம்பர் 12 அன்று தமிழக முதலமைச்சர் எங்கள் பகுதிக்கு வந்தார். இறந்தோர் குடும்பங்களுக்கு 20 லட்சம் ரூபாயும் குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் என்று முடிவாயிற்று.

உடல் கிடைத்தவர்களை விட உடல் கிடைக்காதவர்களே அதிகம். கிடைத்த உடல்கள் சிலவற்றையும் மரபணுச் சோதனை செய்துதான் அடையாளம் காண முடிந்தது. காணாமல் போனவர் இறந்ததாகக் கருதச் சட்டப்படி 7 ஆண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை விதவையும் இல்லை, மனைவியும் இல்லை. வங்கிக் கடன் மட்டும் இருக்கும். இந்த விதியைத் தளர்த்தக் கேட்டபோது ஒவ்வொருவரும் அந்தப் படகில் இருந்தார் என்று காட்ட எங்கள் நோட்டுகளும், அவர் யாருக்கு மகன், யாருக்குக் கணவன் என்று காட்டப் பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளும் கைகொடுத்தன. அடுத்த சில மாதங்களில் காணாமல் போனவர் குடும்பங்களுக்கும் நிவாரணம் வந்தது. பேரை வெட்டச் சொன்ன அந்தத் தாய்க்கும் வந்தது. அவள் மகன் வரவில்லை.

இனி, குறை சொல்கிறவர்களுக்கு.

இந்தப் பணத்துக்கு ஆஸ்பத்திரி கட்டியிருக்கலாம் என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஆஸ்பத்திரி கட்டுவதும் துறைமுகம் கட்டுவதும் ஆழ்கடல் தொலைத்தொடர்பு கொடுப்பதும் யார் பொறுப்பு? நாங்கள் வரி கட்டுகிறவர்கள். அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் மீனைப் பிடிக்கிறவர்கள். அரசு செய்ய வேண்டியதை ஏழை மீனவன் தன் கோயில் பணத்தில் செய்திருக்க வேண்டும் என்று சொல்வது அரசைத் தப்பவிடுவது. மீனவன் தன் பணத்தில் கட்டிய ஒரே பொதுக்கட்டடம் கோயில். அது பேரிடர் முகாமாகவும் ஊர்மன்றமாகவும் பதிவு அலுவலகமாகவும் ஆனது. கூடங்குளம் அணு உலைக்கு எதிராக இடிந்தகரை மக்கள் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் கூடி உட்கார்ந்ததும் லூர்து மாதா கோயில் முற்றத்தில்தான். அந்தப் போராட்டத்தைப் பற்றி யாருக்கு எந்தக் கருத்து இருந்தாலும், கடற்கரையில் ஊர் முழுவதும் கூடிப் பேச வேறு முற்றம் இல்லை என்பது உண்மை.

கோபுரம் இவ்வளவு உயரம் தேவையா என்கிறார்கள். ஜி.பி.எஸ். வருவதற்கு முன் எங்கள் தாத்தாமார் கரையில் தெரியும் கோபுரத்தையும் அதற்குப் பின்னால் தெரியும் மலையையும் வைத்தே கடலில் மீன் கிடக்கும் பாறை இருக்குமிடத்தைக் கண்டார்கள். அந்த உயரம் அவர்கள் தொழிலுக்கு உதவியது. இன்று பக்கத்து ஊரை விட ஓரடி உயர்த்த வேண்டும் என்று கட்டும் கோபுரத்துக்கு அந்த நியாயம் கிடையாது. அதை நான் ஆதரிக்க மாட்டேன்.

கூட்டத்தில் ஆளைத் தெரியாது என்ற குறை அன்பியம் இல்லாத பங்குக்குப் பொருந்தும். ஒரு பெரிய சபை தன்னைச் சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லி அறிந்தால், அதன் அளவு அதற்குப் பலம். என் தோழியின் ஜெபக்கூட்டத்தில் அன்பு நிறைய உண்டு. அவள் வீட்டுக்காரருக்காக அவர்கள் இரவெல்லாம் விழித்து ஜெபித்தார்கள். ஆனால் குழித்துறைக்கு நடக்கவும், இரண்டு மாநில அரசுகளிடம் கேட்கவும் ஒரு மாடி அறைக்கு எண்ணிக்கை போதாது. அன்று அவளும் எங்களோடு நடந்தாள்.

அதிகாரத்தைப் பற்றிய குறைதான் எல்லாவற்றிலும் கனமானது. 1544இல் புனித சவேரியார் இந்தக் கரையில் திருமுழுக்குக் கொடுத்த காலத்திலிருந்து எங்கள் ஊர்களில் குருவின் சொல்லுக்குத் தனி எடை உண்டு. அந்த எடை எங்களை ஒன்றுசேர்த்திருக்கிறது. சிலரை வாயடைக்கவும் வைத்திருக்கிறது. டிசம்பரில் பட்டியல் எழுதியவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். வீடு வீடாகப் போனவர்கள் பெண்கள். குத்தகைப் பணம் எங்கே போகிறது என்று முடிவுசெய்யும் மேசையில் பெண்கள் எத்தனை பேர்? கணக்கு ஆண்டுதோறும் கோயில் வாசலில் ஒட்டப்படுகிறதா? கோயில் ஊருடையது என்றால் கணக்கும் ஊருடையது. இந்தக் கேள்விகளைக் கேட்பவர்களைக் கோயிலின் விரோதிகளாகப் பார்ப்பது தவறு. கோயில் இன்னும் பல தலைமுறைக்கு நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள்தான் இவற்றைக் கேட்கிறார்கள்.

எங்கள் பங்கில் நாங்கள் சிலர் கேட்பது இவை. கோபுரத்துக்குப் புதிதாக ஒரு ரூபாய் போடும் முன், கடலுக்குக் கிளம்பும் ஒவ்வொருவரின் பேரும் கிளம்பும் அன்றே பதிவாகும் ஏடு ஒன்று கோயிலில் இருக்க வேண்டும். நீண்ட தூர வயர்லெஸ் கருவியும் அதைக் கையாளப் பழகிய ஆட்களும் ஜெனரேட்டரும் வேண்டும். அந்த ஏட்டின் கடைசிப் பக்கம் வெளியூர்த் தொழிலாளர்களுக்கென்று எப்போதும் இருக்க வேண்டும். பங்குப் பேரவையில் பாதி இடம் பெண்களுக்கு வேண்டும். இவற்றைச் செய்யும் கோயில் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நான் அதற்காகப் பேசுவேன். எங்கள் ஊர்களில் மனிதர்கள் அதிகம், கடல் பெரிது, ஆபத்தும் பெரிது. ஒரே நாளில் அத்தனை பேரையும் உள்ளே வைத்து ஒவ்வொருவரையும் பேர் சொல்லித் தேட வேண்டிய இடம், சிறியதாக இருந்தால் போதாது.