விறகடுப்புச் சாம்பல்

வேப்பம்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இன்றும் வெந்நீருக்கு விறகடுப்புதான். தென்னை மட்டை சும்மா கிடக்கும்போது சிலிண்டரைக் காலி பண்ண அம்மாவுக்கு மனசு வராது. ஆனால் அந்தச் சாம்பல்! ஜன்னல் கம்பி, கொடியில் காயும் துணி, டிவி மேல் என்று எங்கும் படிகிறது.

துடைப்பத்தால் பெருக்கினால் பறந்து மறுபடி மூக்குக்குள்தான் வரும். அதனால் அடுப்பு நன்றாக ஆறியபின் கையால் தண்ணீர் தெளித்து, சாம்பல் கருத்து அடங்கியதும் தகரத்தில் அள்ளுகிறோம். தரைக்கு ஈரத்துணி மட்டுமே. மட்டை நன்றாகக் காய்ந்திருந்தால் ஊதுகுழலே தேவைப்படாது, சாம்பலும் கிளம்பாது.

எனக்குப் பயமெல்லாம் புகையோடு வரும், கண்ணுக்குத் தெரியாத தூசியை நினைத்துத்தான். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகள் நுரையீரலின் ஆழம்வரை போகும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்ன வரம்பு, ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராம். விறகு எரியும் அடுக்களைகள் அதைப் பல மடங்கு தாண்டும். நம் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் ஆய்வுக் குழு தமிழகக் கிராமத்து வீடுகளிலேயே இதைப் பல ஆண்டுகளாக அளந்திருக்கிறது.

ஈரத்துணி இந்தத் தூசியைத் தடுக்காது. சமையலறைக் கதவை ஒட்டியிருக்கும் அடுப்பை, புகை வீட்டுக்குள் வராத மூலைக்குக் கொண்டுபோக வேண்டும். கொத்தனாரிடம் சொல்லியாச்சு, அம்மாவும் சரி என்றுவிட்டார்.