செம்புச் சுத்தியல்

50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கு ‘வின்டேஜ்’ என்று தனிப் பதிவு எண் தரும் விதியை மத்திய அரசு 2021இல் கொண்டுவந்தது. நம்பரின் நடுவில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். பேப்பரில் வந்த இந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டவர் என் நண்பர். மின்வாரியத்தில் லைன்மேன். ஆரணிப் பக்கம் ஓர் அரிசி ஆலைக் கொட்டகையில், தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த 1974 மாடல் புல்லட்டை அவர் வாங்கி வந்ததற்கு அந்தச் செய்திதான் காரணம். 2024இல் வண்டிக்கு ஐம்பது நிறைந்தது.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் விதியை முழுதாகப் படித்தார். அப்படிப் பதிவுசெய்த வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் பேரணி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சிலவற்றுக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம். “ஓட்டாத வண்டி எனக்கு எதுக்கு?” என்றார். சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொண்டு ஓட்டுவது என்று தீர்மானித்தார். கட்டாமல் மிச்சமான அந்த 20,000 ரூபாய்க்குள் இஞ்சின் வேலையை முடித்துவிட வேண்டும், அதுவும் வீட்டு வாசலில் தன் கையாலேயே என்பது அவர் கணக்கு. அதைப் பார்க்கத்தான் நான் போனேன்.

குறைந்த செலவில் வீட்டிலேயே சரிசெய்யப் புல்லட்டைப் போலத் தோதான பழைய வண்டி வேறில்லை. காரணம் அதன் வரலாற்றிலேயே இருக்கிறது. இங்கிலாந்தின் ரெடிச் ஊரில், ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் 1932இல் பிறந்த பெயர் புல்லட். ராணுவத்துக்காக இந்திய அரசு இந்த வண்டிகளை வாங்கத் தொடங்கியதன் தொடர்ச்சியாக, 1955இல் அந்தக் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியோடு சேர, சென்னையில் என்ஃபீல்டு இந்தியா உருவானது. முதலில் இங்கிலாந்திலிருந்து பாகங்கள் வந்தன, இங்கே பூட்டினார்கள். போகப் போகத் திருவொற்றியூர் ஆலையிலேயே எல்லாவற்றையும் செய்ய ஆரம்பித்தார்கள். 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூரில் வேலை நிற்கவில்லை. 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி, வார்ப்பிரும்பு சிலிண்டர் என்ற அந்த அடிப்படை, 2010 வாக்கில் புது இஞ்சின் முழுதாக இடம்பிடிக்கும் வரை அப்படியே இருந்தது. ஐம்பது வருடப் பழைய வண்டிக்குள் இருபது வருடப் பழைய வண்டியின் உறுப்பு பல இடங்களில் போய் உட்காரும். வேறு பல பழைய வண்டிக்காரர்களுக்கு இந்த வசதி கிடையாது.

நண்பரின் வாசலில் நான் பார்த்தது ஒழுங்கான வேலை. கழற்றும் முன் ஒவ்வொரு இடத்தையும் போனில் படம் எடுத்திருந்தார். போல்ட்டுகள் மளிகைக்கடை பிளாஸ்டிக் பைகளில், பெயர் எழுதிய சீட்டோடு இருந்தன. துரு பிடித்து இறுகியவற்றுக்கு டீசலும் இஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ராத்திரி முழுக்க ஊறவிட்டிருந்தார். பெட்ரோல் டேங்கின் உள்துருவைச் சலவைச் சோடாத் தண்ணீர், ஓர் இரும்புக் கம்பி, பழைய பேட்டரி சார்ஜர் இவற்றை வைத்தே மின்சாரத்தால் எடுத்திருந்தார். கரண்ட்டோடு பழகிய கை என்பதால் ஒயரிங் முழுவதையும் தானே இழுத்தார்.

அவர் காசு கொடுத்து வாங்கிய முதல் பொருள் விட்வொர்த் ஸ்பானர் செட். புதிதல்ல, காயலான் கடையில் பொறுக்கியது. பழைய புல்லட்டில் பல இடங்களில் இங்கிலீஷ் மரைதான். மி.மீ. ஸ்பானரைப் போட்டுத் திருகினால் பிடி வழுவிப் போல்ட்டின் தலை உருண்டுவிடும். பழைய வண்டி வாங்குகிற இளைஞர்கள் சீட்டுக்கும் சைலன்ஸருக்கும் செலவழிக்கும் முன் இந்த ஸ்பானருக்குச் செலவழிக்க வேண்டும் என்று நானும் சொல்வேன்.

பெயிண்ட் வேலையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. டேங்கில் ஓடும் தங்க நிறக் கோடுகளைத் திருவொற்றியூரில் தூரிகை பிடித்துக் கையால் போட்டார்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நண்பரும் டேங்கில் பழைய கோடு இருந்த பக்கத்தை அழிக்காமல் விட்டுவிட்டார்.

வீட்டில் முடியாது என்று வேலை நின்ற இடம் கிராங்க். சிலிண்டரைத் தூக்கிவிட்டு, கனெக்டிங் ராடைப் பிடித்து நேராக மேலே இழுத்துக் கீழே அழுத்திப் பார்த்தார். பக்கவாட்டில் கொஞ்சம் அசைந்தால் குற்றமில்லை. மேலும் கீழும் அசையவே கூடாது. இந்த வண்டியில் ‘டக் டக்’ என்று அடித்தது. ராடின் கீழ்க்கண்ணில் உள்ள புஷ் தேய்ந்துவிட்டது. ஆயில் மாற்றாமல் ஓட்டிய வண்டிகளில் கசடு சேர்ந்து, புஷ்ஷுக்கு எண்ணெய் வரும் துளை அடைத்துக்கொள்ளும். அப்புறம் உலோகத்தோடு உலோகம் உரச வேண்டியதுதான். இதற்கு இரண்டு ஃப்ளைவீலையும் பிரித்து, புது ராடு கிட் போட்டு, மறுபடி ஒரே நேர்கோட்டில் சேர்க்க வேண்டும். லேத்தும் டயல் கேஜும் இருந்தால் மட்டும் போதாது, அதற்கென்று பழகிய ஆளும் வேண்டும். அப்படி ஓர் ஆளைத் தேடித்தான் சென்னைப் புதுப்பேட்டைக்குப் போனோம்.

கூவத்தை ஒட்டிய அந்தச் சந்துகளில் கதவு, பம்பர், கியர்பாக்ஸ் என்று தனித்தனியாகக் குவித்து வைத்திருப்பார்கள். அவற்றுக்கு நடுவே, ஒரு லேத்தும் ஒரு வைஸும் போட்டால் நிறைந்துவிடுகிற கடை. உள்ளே இருந்தவரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது 64. நண்பர் பையைத் திறந்ததும் ராடை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். “ஆயில் மாத்தாம ஓட்டிக்கிறாங்க சார். புஷ் போடவா, ரோலர் போடவா?” என்று கேட்டார்.

“நீங்களே சொல்லுங்க பாய்.”

“ஆயில் டைமுக்கு மாத்துவேன்னா புஷ் போடு. சத்தமில்லாம ஓடும். மாத்த மாட்டேன்னா புல்லட்டே வேணாம்.”

நண்பர் புஷ் என்றார்.

பாய் சுவரில் மாட்டியிருந்த சுத்தியலை எடுத்தார். தலை முழுக்கச் செம்பு. அடிபட்டு அடிபட்டு முகத்தின் ஓரம் வெளிப்பக்கமாக மடிந்து, பூவிதழ் போலச் சுருண்டிருந்தது. இரும்புச் சுத்தியலால் ஃப்ளைவீலை அடித்தால் விளிம்பில் பள்ளம் விழும். செம்பு மெத்தென்று அடியைக் கடத்தும், தழும்பு விடாது. அவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த உஸ்தாத், எரிந்துபோன மோட்டார்களின் சுருள் கம்பியைச் சேர்த்து உருக்கி வார்க்கச் சொன்ன சுத்தியல் அது. ஓரம் மிகவும் சுருண்டுவிட்டால் லேத்தில் பிடித்து முகத்தைச் சீவிக்கொள்வார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் செம்பு போய்விடும். “எங்கிட்ட வர்றப்ப இதைவிடக் கனமா இருந்துச்சு. பாரம் குறையக் குறைய என் அடியும் மாறிக்கிச்சு” என்றார். கைப்பிடி மட்டும் பலமுறை மாறியிருக்கிறது. கொய்யாக் கட்டைதான் கையில் அதிர்வு ஏற்றாதாம்.

ராடு கிட்டைக் கோத்து, ஸ்பானரில் நீளக் குழாயைச் செருகி நட்டுகளை இறுக்கிய பிறகு, இரண்டு பக்கத் தண்டுகளையும் லேத்தின் இரண்டு சென்டர்களுக்கு நடுவே பிடித்தார். இந்தப் பக்கம் ஒரு டயல் கேஜ், அந்தப் பக்கம் ஒன்று. கையால் மெதுவாகச் சுற்ற, முட்கள் நடனமாடின. டயலில் ஒரு கோடு என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முள் முப்பது கோட்டைத் தாண்டியது. சாக்பீஸால் ஓர் இடத்தில் குறி வைத்து, கிராங்கை இறக்கி, ஒரு ஃப்ளைவீலைக் கையில் தாங்கிப் பிடித்து இன்னொன்றின் விளிம்பில் ஒரே அடி. மறுபடி சென்டரில் ஏற்றினார். முள் பன்னிரண்டில் நின்றது.

இரண்டு முட்களும் எதிரெதிராக ஆடினால், ஒரு சக்கரம் மற்றதைவிட முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அதற்குத்தான் சுத்தியல். இரண்டும் ஒரே பக்கமாக ஆடினால், சக்கரங்கள் ஒருபுறம் நெருங்கி மறுபுறம் விரிந்திருக்கின்றன. அப்போது அடிக்கக் கூடாது. நெருங்கிய பக்கம் ஆப்பு வைத்துப் பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிந்த பக்கத்தை வைஸில் வைத்து அழுத்த வேண்டும். எங்கே அடிப்பது என்பதைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடிந்தது. எவ்வளவு அடிப்பது என்பது அவர் மணிக்கட்டில் மட்டும் இருந்தது. ஏற்றினார், சுற்றினார், இறக்கினார், தட்டினார். ஐந்து கோட்டுக்கு வந்தபோது நண்பர் “போதுமே பாய்” என்றார்.

“அஞ்சுக்கும் ஓடும் சார். புல்லட் ஆட்டம் வேற, கிராங்க் ஆட்டம் வேற. கிராங்க் ஆடினா பேரிங்கைத் தின்னும்.” இரண்டு கோட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் சுத்தியலைச் சுவரில் மாட்டினார்.

வாணியம்பாடியிலிருந்து அப்பாவோடு சென்னைக்கு வந்தவர். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. உஸ்தாத் கடையில் முதலில் கிடைத்த வேலை மண்ணெண்ணெயில் பாகங்களைக் கழுவுவது. கையெல்லாம் வெடித்து, சோறு பிசையும்போது எரியும் என்றார். அப்புறம் நட்டு இறுக்கவும், டயல் பார்க்கவும் விட்டிருக்கிறார்கள். சுத்தியலைத் தொட விட்டபோது மீசை முளைத்துவிட்டதாம். உஸ்தாத் இறந்த பிறகு அவர் வீட்டார் லேத்தை விற்றுவிட்டார்கள். சுத்தியலைப் பழைய செம்பு விலைக்கு எடைபோடப் போனபோது, அந்த விலையைக் கொடுத்துப் பாய் வாங்கிக்கொண்டார். மகளை நர்ஸிங் படிக்க வைத்தார். மகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். மகன் இந்த வேலைக்கு வராததில் அவருக்கு வருத்தம் இல்லை. நானாக இருந்தாலும் வரச் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம், அடுத்து நடந்தது.

ஒரு பையன் பைக்கில் வந்து சாக்குப் பையை வைத்துவிட்டு, “ஓனர் நாளைக்கே கேட்டார்” என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளே ஒரு புல்லட் கிராங்க். பழைய வண்டிகளைப் புதுப்பித்துத் தரும் ஒரு கடையிலிருந்து வந்தது. நண்பர் வண்டி வாங்கிய புதிதில் ஒரு கடையில் எஸ்டிமேட் கேட்டிருந்தார். கிராங்க் வேலைக்கு மட்டும் 6,500 ரூபாய் எழுதிக் கொடுத்திருந்தார்கள், பாகங்களுக்குத் தனி. பாய் எங்களிடம் கேட்டது 900. கடைக்காரர்கள் கொடுப்பது 700, அதுவும் மாதக் கடைசியில் மொத்தமாக. வேலை எல்லாம் ஒரே லேத், ஒரே சுத்தியல்.

கடை வைத்திருப்பவருக்கு வாடகை உண்டு, விளம்பரம் உண்டு. அதற்கு அவர் சேர்த்து வாங்கட்டும். ஆனால் வண்டியைத் தேடி வருபவனிடம் அந்த வேலையைச் செய்கிற மனிதன் இருக்கிறான் என்பதையே மறைத்து, எல்லாம் தன் ஷெட்டில் நடப்பதாகச் சொல்லி, செய்தவனுக்கு ஒன்பதில் ஒரு பங்கைக்கூட ஒழுங்காகக் கொடுக்காமல் இருப்பது வியாபாரம் அல்ல, சுரண்டல். கிராமத்துக் கொட்டகைகளில் இரும்பு விலைக்கு வண்டியை எடுத்துப் பட்டணத்தில் லட்சக்கணக்கில் விற்கும் புரோக்கர்களும் இதே ஜாதி. பாரம்பரியம் என்று இவர்கள் விலை வைப்பது டேங்குக்கும் ஹெட்லைட்டுக்கும்தான். அந்த வண்டியை ஐம்பது வருடம் ஓடவைத்த மணிக்கட்டுக்கு இவர்கள் கணக்கில் விலையே இல்லை. புது இஞ்சின்களில் கிராங்க் போனால் முழு செட்டாக மாற்றிவிடுகிறார்கள். பிரித்து நேராக்கும் வேலை இந்தப் பழைய வண்டிகளோடு நின்றுவிடும். இந்த வேலை அழிகிறதே என்று கவலைப்படுபவர்கள், அதைச் செய்பவர்களுக்கு வாழ்கிற கூலி கிடைக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும்.

நண்பர் 900க்கு மேல் கொடுத்ததைப் பாய் வாங்க மறுத்தார், பிறகு வாங்கிக்கொண்டார். இஞ்சின் வேலை 20,000க்குள் முடிந்தது. வண்டி இப்போது ஓடுகிறது. கேட்கிறவர்களுக்கெல்லாம் நண்பர் பாயின் கடைக்கு வழி சொல்கிறார்.

ஓட்டுநர்களுக்கும் மோட்டார் பட்டறைத் தொழிலாளர்களுக்கும் என்று தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது. உறுப்பினராகப் பதிந்தவருக்கு 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. பதிவது 60 வயதுக்குள் நடக்க வேண்டும். பாய்க்கு அப்படி ஒன்று இருப்பதை யாரும் சொல்லவில்லை, இப்போது வயது கடந்துவிட்டது. பழைய வண்டி வைத்திருக்கிறீர்கள் என்றால், உங்கள் மெக்கானிக், லேத்காரர், டிங்கர் யாராக இருந்தாலும் வயது என்ன, வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதியவில்லை என்றால் ஆதார் அட்டையோடு அழைத்துப்போய் நீங்களே கூட இருந்து பதிந்து கொடுங்கள்.