எழுத்துக்கு முந்திய இலக்கணம்

சீனமொழி என்றதும் கற்போர் கண்முன் எழுவது அதன் எழுத்து மலையே. ஆயிரக்கணக்கான குறிகளை மனனஞ் செய்த பின்னரே அம்மொழியின் வாசலை அணுகலாம் என்னும் அச்சம், ஆர்வமுள்ள மாணவரையும் முதற்படியிலேயே திருப்பி அனுப்பிவிட வல்லது.

யாழ்ப்பாணத் தீவகத்துக்குச் சீனம் முற்றிலும் அயலானதன்று. அல்லைப்பிட்டியில் 1970களில் கண்டெடுக்கப்பட்ட மட்பாண்ட ஓடுகள் வட சொங் காலத்துச் சீனத்தவை. அண்மையில், 2021 இல், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்குமான மின்னுற்பத்தித் திட்டம் சீன நிறுவனமொன்றுக்கு வழங்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியிலேயே கைவிடப்பட்டு, 2022 இல் இந்திய நன்கொடைத் திட்டமாக உருமாறியது. இவ்வருகையையும் விலகலையும் பற்றிச் சீனர் கூறியதை அவர்தம் மொழியிலேயே கேட்டுணரத்தக்கவர் தீவகத்தில் எத்தனை பேர் இருந்திருப்பர்? மொழிபெயர்ப்பாளன் அளந்து தருவதை மட்டும் பெற்றுக்கொள்ளும் நிலை எச்சமூகத்துக்கும் நட்டமே.

ஆகவே வாசல் எது என்னும் வினா சிறியதன்று. 1958 இல் சீன அரசு ஏற்றுக்கொண்ட பின்யின் முறை, சீன ஒலிகளை ரோமன் எழுத்துகளாலும் நான்கு தொனிக்குறிகளாலும் எழுதுவது. இதனைக் கொண்டே இலக்கணத்தைக் கற்கலாம் என்றால், எழுத்தறியாமல் மொழியறிவதா என முகஞ்சுளிப்போர் உளர். அன்னோர் ஊர்காவற்றுறைக் கரம்பொனில் 1913 இல் பிறந்த தனிநாயகம் அடிகளை நினைத்தல் தகும். லிஸ்பன் நகரில் 1554 இல் அச்சான 'கார்த்தில்யா' என்னும் நூலைத் தமிழுலகின் கவனத்துக்குக் கொணர்ந்தவர் அவர். அந்நூலிலுள்ள தமிழ் ரோமன் எழுத்தில் அமைந்தது. சொல்லுக்குச் சொல் போர்த்துக்கேயப் பொருள் வரியிடையே தரப்பட்டது. தமிழ்மொழிக்கும் ஒருகாலத்தில் ஒரு பின்யின் இருந்தது எனலாம்.

சீன இலக்கணத்தின் இயல்பும் இதற்கு இசைவானது. வேற்றுமை உருபோ, திணை பால் காட்டும் வினைவிகுதியோ அதில் இல்லை. சொற்கிடக்கையே பொருளைத் தாங்குகிறது. பின்யின் சொற்களைப் பிரித்தெழுதுவதால் அக்கிடக்கை கண்ணுக்குத் தெளிவாகிறது. சீன எழுத்திலோ சொற்களிடையே இடைவெளியே இல்லை. தமிழ் மாணவருக்கு ஓர் ஆதாயமும் உண்டு. 'வொ மாய் த ஷு' என்றால் 'நான் வாங்கிய புத்தகம்'. நமது பெயரெச்சம் நிற்கும் இடத்திலேயே 'மாய் த' நிற்கிறது. ஆங்கிலத்திலோ இவ்வரிசை தலைகீழாகும். 'நி லாய் மா?' என்பது 'நீ வருகிறாயா?', வினாவெழுத்து ஈற்றில் வரும் நமது முறையே அது.

ஒலியிலும் அவ்வாறே. ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்து பின்யினிற் குறிப்பது, 'பனை', 'பால்' என்பவற்றின் முதலில் வரும் பகரத்தையே. ஆங்கில வாயோடு அதனை அதிர்வித்துச் சொல்பவன் பிழைபடுவான். நெடுந்தீவுப் பிள்ளை தன் வாயை நம்பினாற் போதும்.

தொனிக்குறியை விட்டுப் பின்யின் எழுதுவோரின் சோம்பலை மட்டும் மன்னித்தல் இயலாது. 'மாய்' மூன்றாந் தொனியில் வாங்குதல். நான்காந் தொனியில் விற்றல். சந்தையில் இவ்விரண்டையும் மயக்குபவனின் கதி சொல்லவேண்டுவதன்று.

இனி, பின்யின் மறைப்பனவும் உள. 'த' என்னும் இடைச்சொல் ஒலியில் ஒன்று. எழுத்திலோ அது செய்யும் பணிக்கேற்ப மூன்று. பெயருக்கு முன் வரும் அடையைக் குறிக்க ஒன்று, வினைக்கு முன் வரும் அடையைக் குறிக்க ஒன்று, வினைக்குப் பின் அது நிகழ்ந்தவாற்றைக் கூறற்கு ஒன்று. அவன், அவள், அது மூன்றும் வாயில் 'தா' என ஒன்றேயாக, எழுத்தில் வேறுபடும். பேச்சிலக்கணம் வேண்டுபவனுக்கு இது குறையன்று. சீனனும் கேட்கும்போது இவற்றை இடம்நோக்கியே உணர்கிறான். ஆனால் ஒப்பந்தம், செய்தித்தாள், கடைப்பலகை எவையும் பின்யினில் எழுதப்படுவதில்லை. தமிழிலும், இன்று கிடைக்கும் நூல்களுள், தமிழெழுத்திலேயே முதலில் அச்சேறியது 1578 இல் கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்'. கார்த்தில்யாவுக்கு அப்பால் செல்ல விரும்பியவர் அவ்வெழுத்தைக் கற்றேயாக வேண்டியிருந்தது.

அமெரிக்கப் பேராசிரியர் ஜோன் டிபிரான்சிஸ் தமது தொடக்கச் சீனப் பாடநூலை ரோமன் எழுத்தில் அமைத்து, சீன எழுத்துப் பாடத்தைத் தனி நூலாக வைத்தார். முதல் நூலை முடித்தவன் கையில், தான் ஏலவே பேசக் கற்ற வாக்கியங்களே இரண்டாம் நூலில் வேற்றுடை பூண்டு வருகின்றன. மலை அப்போதும் மலைதான். ஆனால் ஏறுபவன் அங்கு வழங்கும் மொழியை அறிந்தே ஏறுகிறான்.